கூட யார் வந்திருக்கா?

ஜூலை 24, திங்கள்

கட்டியை எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை. காலையில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாமாம்.

இடது மார்பில் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு முன்பே குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. அப்போது சுண்டைக்காய் அளவு. ஊசி குத்தி எடுத்துப் பார்த்ததில் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. முழுசாக வெட்டி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினால்தான் நல்ல கட்டியா, கெட்ட கட்டியா என்று சொல்ல முடியும் என்றார். "இத்தனை மாசம் ஏன்மா வரலை?" என்று கேட்டார். ஆபீஸில் வேலை என்றேன். மின்வாரிய ஆபீஸில் டைப் அடிக்கிறவளுக்கு ஆஸ்பத்திரி போக நேரமில்லாமல் அப்படி என்ன வேலை என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. நல்ல மனுஷி.

வெளியே வந்ததும் சிஸ்டர் கேட்டாள்: "கூட யார் வந்திருக்கா?"

"யாரும் வரலை. நானேதான் வந்தேன்."

"இன்னைக்குச் சரி. ஆபரேஷன் அன்னைக்குக் கண்டிப்பா ஒரு ஆள் வேணும். மயக்க மருந்து கொடுக்கோம்லா? கூட்டிட்டுப் போகணும், ராத்திரி பூரா பக்கத்துல இருக்கணும். தனியா வந்தா திருப்பி அனுப்பிருவோம் ஆச்சி."

எனக்கு வயசு ஐம்பத்தாறு. ஆச்சியாம்!

என்னிடம் போய் இந்தக் கேள்வி. அம்மாவுக்குக் கண், அப்பாவுக்கு மூத்திரப்பை, அண்ணன் மகன் சைலுவுக்குத் தொண்டைச் சதை, கடைசியில் அண்ணனுக்கு மாதக்கணக்கில் டயாலிசிஸ். எல்லாவற்றுக்கும் கூட இருந்தவள் நான்தான். திருநெல்வேலியிலும் பாளையங்கோட்டையிலும் நான் உட்காராத ஆஸ்பத்திரி ஸ்டூல் கிடையாது. நோயாளிக்கு என்ன கொடுக்கலாம், என்ன கூடாது, டாக்டர் வரும்போது எதைக் கேட்க வேண்டும், எல்லாம் எனக்கு அத்துப்படி. கட்டிலில் படுத்துத்தான் பழக்கமில்லை.

ஜூலை 26, புதன்

கேஸ் தீர்ந்துவிட்டது. புது சிலிண்டரை மாடிக்குத் தூக்கி வர அந்தப் பையன் முகத்தைச் சுளித்தான். கீழ்வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிற்பாடு யாராவது இந்த டைரியைப் படித்தால் குழம்பக் கூடாது, அதனால் எழுதிவைக்கிறேன். கீழ்வீட்டுக்காரி என்றால் அண்ணன் மனைவி ஆவுடை, முன்பு நான் மைனி என்று கூப்பிட்டவள். சைலுவின் அம்மா. வீடு ஒன்று, வாசல் ஒன்று, மாடி மட்டும் எனக்கு. அண்ணன் காந்திமதிநாதன் போய்ச் சேர்ந்ததிலிருந்து அவளும் நானும் பேசிக்கொள்வதில்லை. கட்டின புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது வீட்டில் படுத்துத் தூங்கினவள் அவள். அதை நான் துஷ்டி வீட்டில், சாவுக்கு வந்த நாலு பேர் முன்னால் சொன்னேன். இல்லாததையா சொன்னேன்?

பிற்பாடு யார் படிக்கப் போகிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஜூலை 28, வெள்ளி

சைலுவுக்குப் போன் போட்டேன். பெங்களூரில் எந்நேரமும் மீட்டிங். முழுப்பெயர் சிவசைலம் என்பது அங்கே ஒருத்தருக்கும் தெரியாது, 'ஷிவ்' என்கிறார்களாம்.

"ஒன்பதாந்தேதி லீவு கெடைக்குமாடே?"

"அந்த வாரம் முடியவே முடியாதே அத்தை. என்ன விசேஷம்?"

"விசேஷம் ஒண்ணுமில்லை. ஒரு சின்ன கட்டி, எடுக்கணும்னாங்க. சும்மா கூட ஒரு ஆள் நிக்கணுமாம்."

"கட்டியா? எங்க?"

அவனிடம் எங்கே என்று எப்படிச் சொல்வது? "உடம்புலதான்" என்றேன். "அம்மாட்ட சொல்லட்டுமா அத்தை?" என்றான்.

"வாயத் தொறந்தே, பொறவு என் முகத்துலயே முழிக்கக் கூடாது பாத்துக்கோ."

ஜூலை 31, திங்கள்

இன்று ரத்தம், ஈ.சி.ஜி., எக்ஸ்ரே எல்லாம் எடுத்தார்கள். பிறகு அந்தச் சிஸ்டர் என்னை உட்கார வைத்துப் பாடம் நடத்தினாள். முந்தின நாள் ராத்திரி சீக்கிரம் லேசாகச் சாப்பிட வேண்டும். அதற்கப்புறம் ஒன்றும் கூடாது. விடிகாலையில் பிரஷர் மாத்திரை மட்டும் ஒரு மடக்குத் தண்ணீரில் போட்டுக்கொள்ளலாம். தலைக்கு எண்ணெய் வேண்டாம், முகத்துக்குப் பவுடர் வேண்டாம். மூக்குத்தி, கம்மல், வளையல் எல்லாம் கழற்றிவிட வேண்டும். முன்பக்கம் திறக்கிற மாதிரி நைட்டி கொண்டு வர வேண்டும், கையைத் தூக்கித் துணி மாற்ற முடியாது. ஆபரேஷன் முடிந்தால் தொண்டை கரகரக்கும், வாந்தி வரலாம், தலை சுற்றும். அன்றைக்குப் படியேறக் கூடாது.

"வெறும் வயித்துல வரணும் ஆச்சி, புரிஞ்சுதா?"

"பட்டினி கெடக்க எனக்குச் சொல்லித் தரணுமா? மாசா மாசம் கிருத்திகை விரதம் இருக்கவ நான்."

அவள் சிரித்துவிட்டு, "கூட யாரு வாறா?" என்றாள். ஆள் வைத்துக்கொள்கிறேன், வீட்டோடு நோயாளியைப் பார்க்கப் பெண்களை அனுப்புகிறார்களே, அப்படி ஒருத்தியை என்றேன். அதெல்லாம் சரிப்படாதாம். சொந்தக்காரர் வேண்டுமாம். கையெழுத்துப் போட வேண்டும், நாலு கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

"என்னைப் பத்தின கேள்விக்கு நான் பதில் சொல்ல மாட்டேனா?"

"நீங்க அப்ப மயக்கத்துல இருப்பீங்க ஆச்சி."

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆபீஸில் ஜெபசெல்வியிடம் மட்டும் சொன்னேன். எனக்குப் பக்கத்து மேஜை. அவள் மகளுக்கு நிறைமாசம், எந்த நேரமும் வலி எடுக்கலாம். "நான் வர முடியாமப் போச்சே அக்கா. கர்த்தர் உங்க கூடவே இருப்பார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கர்த்தர் வந்து கையெழுத்துப் போடுவாராமா?" என்றேன். சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்துவிட்டாள். நான்தான் அவளுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். எனக்கு வந்த வினையைப் பாருங்கள், ஆறுதல் சொல்வதும் நானேதான்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

வீட்டை ஒட்டடை அடித்தேன். பரணில் இருந்த பித்தளைப் பாத்திரங்களை எல்லாம் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தேன். பீரோவில் எந்தத் தட்டில் எது இருக்கிறது என்று பார்த்து அடுக்கினேன். பட்டுச்சேலை எல்லாம் மேல்தட்டில். அதில் அரக்குக் கலர் எனக்குப் பிடித்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

மூக்குத்தியைக் கழற்றிப் பார்த்தேன். திருகாணி இறுகிப் போய்விட்டது. அண்ணன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது, போட்ட நாளிலிருந்து கழற்றவே இல்லை. கண்ணாடி முன்னால் நின்று இழுத்து இழுத்து மூக்கு சிவந்ததுதான் மிச்சம்.

பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 7, திங்கள்

இனி யாரையும் கேட்பதாக இல்லை. ஆள் சாயங்காலம் வரும் என்று சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம். உள்ளே படுக்க வைத்துவிட்டால் பாதியிலா எழுப்பி அனுப்பப் போகிறார்கள்?

ஆகஸ்ட் 8, செவ்வாய்

பையில் நைட்டி, துண்டு, ரிப்போர்ட்டுகள், ஆதார் அட்டை, சீப்பு, திருநீற்றுப் பொட்டலம். ராத்திரிக்கு இரண்டு இட்லி. தெரியாத்தனமாய்த் தண்ணீர் குடித்துவிடக் கூடாது என்று குடத்தின் மேல் தட்டைப் போட்டு, தட்டின் மேல் ஆட்டுக்குழவியை வைத்துவிட்டேன். எனக்குத் தெரியாத சட்டமா!

நாளைக்கு ஆடிக் கிருத்திகை. எப்படியும் விரதம்தான். முருகன் பார்த்துத்தான் தேதி குறித்திருக்கிறான்.

ஆகஸ்ட் 9, புதன், காலை

தலைக்குக் குளித்தாயிற்று. மாத்திரை போட்டாயிற்று. பூஜையை முடித்து, படைத்ததை எடுத்துக்கொண்டு, விளக்கைக் குளிர வைத்துவிட்டேன். ஆட்டோ வரும் நேரம். முருகா.

ஆகஸ்ட் 10, வியாழன்

நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது. தலை இன்னும் கனமாக இருக்கிறது.

படி இறங்கி வந்தால் கேட் பக்கத்தில் கீழ்வீட்டுக்காரி நிற்கிறாள். குளித்து, நல்ல சேலை உடுத்தி, கையில் ஒயர் கூடை. கூடையில் ஃபிளாஸ்க். என் முகத்தைப் பார்க்காமல், "சைலு சொன்னான்" என்றாள். அவ்வளவுதான். நான் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். அவள் இந்தப் பக்கம் வந்து ஏறிக்கொண்டாள். இறங்கு என்று சொல்ல வாய் வரவில்லை. ஆஸ்பத்திரி இருக்கிற வண்ணாரப்பேட்டை வரும் வரைக்கும் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு போனோம்.

சிஸ்டர் அவளைப் பார்த்ததும், "அப்பாடா, ஆள் வந்தாச்சா? நீங்க யாரு இவங்களுக்கு?" என்றாள்.

"அண்ணன் பொண்டாட்டி" என்றாள் அவள்.

என் மணிக்கட்டில் பெயர் எழுதின பட்டையைக் கட்டினார்கள். பின்பக்கம் முடிச்சுப் போடுகிற பச்சை அங்கியைக் கொடுத்தார்கள். முதுகு தெரிகிற அந்த உடுப்பில் என் முடிச்சை நானே போட்டுக்கொள்ள முடியவில்லை. அவள்தான் போட்டுவிட்டாள். வளையலையும் கம்மலையும் கழற்றிக் கொடுத்தேன், முந்தானையில் முடிந்துகொண்டாள். மூக்குத்தி வரவில்லை. பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடலாம் என்றாள் சிஸ்டர். கீழ்வீட்டுக்காரி கூடையைத் துழாவி ஒரு சின்ன எண்ணெய்ப் புட்டியை எடுத்தாள். மூக்கில் ஒரு சொட்டு விட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, நகத்தால் மெல்ல மெல்லத் திருகினாள். வந்துவிட்டது. அவ்வளவு கிட்டத்தில் அவள் முகத்தைப் பார்த்து எத்தனையோ காலமாயிற்று. கிழடுதட்டிப் போயிருக்கிறாள்.

மயக்க மருந்து டாக்டர் வந்தார். சின்ன வயசு. "கடைசியா எப்பம்மா சாப்பிட்டீங்க?"

"நேத்து ராத்திரி. இன்னைக்கு விரதம்."

"வெரி குட்" என்று எழுதிக்கொண்டு கிளம்பினார். திரைக்கு வெளியே நின்ற கீழ்வீட்டுக்காரி, அவரைப் போக விடாமல் வழியில் நின்றபடி என்னைக் கேட்டாள். இத்தனை வருஷத்தில் என்னிடம் அவள் கேட்ட முதல் கேள்வி.

"ஏளா, பூஜை முடிச்சுப் பால் குடிச்சியா?"

நான் அவளை முறைத்தேன்.

"மணிச் சத்தம் கேட்டுச்சு. பூஜை பண்ணுனேல்லா? நம்ம வீட்டு விரதத்துல பாலும் பழமும் உண்டுல்லா? குடிச்சியா இல்லையா, சொல்லு."

குடித்தேன். ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம். சாமிக்குப் படைத்தது. படைத்ததை எடுத்துக்கொள்ளாமல் விட்டால் அது தோஷம். அம்மா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் அப்படித்தான். அது சாப்பாட்டில் சேருமா? சேரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பச்சைத் தண்ணீருக்குப் பயந்து குடத்தின் மேல் குழவியை ஏற்றி வைத்தவள், பாலைக் காய்ச்சிச் சர்க்கரை போட்டு, ஆற்றிக் குடித்திருக்கிறேன்.

டாக்டர் பேனாவை மூடிவிட்டார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "வயித்துல பாலை வச்சுக்கிட்டு நான் மருந்து கொடுத்திருந்தா, அது மேல ஏறி நுரையீரலுக்குள்ள போயிருக்கும்மா. டேபிள்லயே உயிர் போயிருக்கலாம்" என்றார். பிறகு அவளைப் பார்த்து, "நல்ல வேளை நீங்க வந்தீங்க" என்றார். என்னைக் கடைசி ஆளாகத் தள்ளிவிட்டார்கள். மத்தியானத்துக்கு மேல்தான், அதுவும் வயிறு காலியாகிவிட்டது என்று தெரிந்தால்.

எனக்கு வந்த கோபத்தில் அவளைக் கொன்றுபோட்டிருப்பேன். "கோட்டி மாதிரி எல்லார் முன்னாலயும் கேக்கணுமா? என்னைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டா என்ன?" என்றேன்.

"தனியாக் கேட்டா நீ சொல்லியிருப்பியாக்கும்" என்றாள்.



கட்டில் ஒன்று, ஸ்டூல் ஒன்று. நான் கட்டிலில் அந்தப் பச்சை அங்கியோடு உட்கார்ந்திருந்தேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள். கால் வலித்து ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள். "உக்காருங்க" என்று கடைசியில் நான்தான் சொன்னேன். அவள் ஸ்டூலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"உக்காரட்டுமா?"

"அதுக்கு என்ன கேள்வி?"

"அன்னைக்கு இதே மாதிரி ஒரு ஸ்டூல்தான் கெடந்துச்சு பிரமு. அவுக கெடந்த கட்டில் பக்கத்துல. ஒரு ராத்திரி என்னை உக்கார விட்டியா நீ? 'உங்களுக்கு ஒண்ணும் தெரியாது மைனி, வீட்டுக்குப் போங்க'ன்னே. போனேன். காலைல வந்தா, 'இப்பதான் கண்ணசந்தான், எழுப்பாதீங்க'ன்னே. அதுக்கும் போனேன். அவுக கண்ணு மூடும்போது நான் வீட்ல கஞ்சி காய்ச்சிக்கிட்டு இருந்தேன். தூங்கலை. அவுகளுக்குத்தான் கஞ்சி. நீ போன் போட்டே. கஞ்சி அப்படியே அடுப்புல கெடந்துச்சு."

அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவளுக்குக்கூடக் கேட்டிருக்காது.

ஒன்றை மட்டும் இங்கே எழுதிவைக்க வேண்டும். அவள் சொன்னது முழுக்கச் சரியில்லை. 'உங்களுக்கு ஒன்றும் தெரியாது' என்று நான் சொல்லவே இல்லை. 'உங்களுக்கு இதெல்லாம் ஒத்துக்காது' என்றுதான் சொன்னேன். அவளுக்கு ஆஸ்பத்திரி வாடையே ஆகாது என்று அண்ணனே சொல்லியிருக்கிறான். ஒருவேளை சிரிப்பாகச் சொல்லியிருப்பான். இப்போது அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் முடியாது.

தாகத்தில் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. "ஒரு வாய் தண்ணி தாங்க" என்றேன்.

"தர மாட்டேன்."

"உதட்டை நனைக்க மட்டும்."

"செத்தாலும் தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் வைத்துச் சொல்கிற வார்த்தையா! இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காக அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், நானும் திருப்பிக்கொண்டேன்.

மத்தியானம் தாண்டி என்னைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். எத்தனையோ பேரைத் தள்ளுவண்டியில் உள்ளே அனுப்பிவிட்டுக் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறேன். படுத்துக்கொண்டு போகும்போது மேலே ஓடுகிற விளக்குகளைத் தவிர ஒன்றும் தெரியாது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. கதவுக்கிட்டே வந்ததும் அவளைத் தேடினேன். கால்மாட்டில் நின்றாள். உள்ளே ஒரே குளிர். கையில் ஊசி ஏற்றினார்கள். மூக்கில் ஒரு மூடியை வைத்து, நல்லா மூச்சு இழுங்க என்றார்கள். இழுத்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

முழிப்பு வந்தபோது யாரோ கன்னத்தில் தட்டிப் பெயர் கேட்டார்கள். தொண்டையில் மணலைப் போட்ட மாதிரி இருந்தது. இடது பக்கம் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். குமட்டிக்கொண்டு வந்தது. தட்டைப் பிடித்த கை யாருடையது என்று பார்க்கவில்லை, பார்க்காமலே தெரிந்தது. நான் 'மைனி' என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேனாம். சிஸ்டர் சொல்லிச் சிரித்தாள். மயக்கத்தில் உளறினதற்கு நான் பொறுப்பில்லை.

சாயங்காலம் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். அது வாந்தியாக வராமல் வயிற்றில் தங்கின பிறகு காப்பி குடிக்கலாம் என்றார்கள். மைனி ஃபிளாஸ்க்கைத் திறந்தாள். கழுத்து வரைக்கும் நிறைய இருந்தது. விடிகாலையில் போட்ட காப்பி, ஒரு டம்ளர்கூடக் குறையவில்லை. காலையிலிருந்து அவளும் ஒன்றும் குடிக்கவில்லை போல. அவளுக்குக் காப்பி அவ்வளவாகப் பிடிக்காதோ என்னவோ.

கிளம்பும்போது பழக்கதோஷத்தில் சிஸ்டரிடம் "போயிட்டு வாறேன்மா" என்று சொல்லிவிட்டேன். மைனி என் கையைச் சுண்டினாள். "ஆஸ்பத்திரில யாராவது வாறேன்னு சொல்லுவாளா?" ஆட்டோக்காரரிடம் ஒவ்வொரு வேகத்தடைக்கும், "மெதுவாப் போங்கய்யா, தையல் போட்டிருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். தையல் எனக்கா அவளுக்கா என்று தெரியவில்லை.

படியேறக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் கீழேயே படுத்தேன். அண்ணன் படுத்திருந்த கட்டில்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

ரசத்தில் உப்பு இல்லை. சொன்னேன். "பிரஷர்காரிக்கு உப்பு எதுக்கு?" என்கிறாள்.

ஆகஸ்ட் 14, திங்கள்

கட்டுப் பிரித்துப் பார்த்தார்கள். புண் நன்றாக ஆறி வருகிறதாம். இனி படியேறலாம், தப்பில்லை என்றார்கள். நாளைக்கு மாடிக்குப் போய்விடுவேன்.

ஜெபசெல்விக்குப் பேத்தி பிறந்திருக்கிறது.

ஆகஸ்ட் 17, வியாழன்

மழை வரும் போல இருக்கிறது. படி வழுக்கும். நாளைக்குப் போகிறேன்.

ஆகஸ்ட் 21, திங்கள்

ரிப்போர்ட் வந்துவிட்டது. கெட்ட கட்டிதான்.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. மார்பை எடுக்க வேண்டும், அக்குளிலும் பார்க்க வேண்டும், அப்புறம் மருந்து ஏற்ற வேண்டியிருக்கும். கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம், ஆனால் நேரம் தப்பிப் போய்விடவில்லை என்றார். இந்தத் தடவை காலையில் போய்ச் சாயங்காலம் வருகிற கதை இல்லை. சில நாள் தங்க வேண்டும்.

இப்படிப்பட்ட நேரத்தில் என்ன கேட்க வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனை பேருக்காக நான் கேட்டிருக்கிறேன்! ஒரு வார்த்தை வரவில்லை. மைனிதான் கேட்டாள். தப்பும் தவறுமாக, கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்டாள். "பிழைச்சிருவாள்ளா டாக்டர்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நான் என் வாழ்நாளில் எந்த டாக்டரிடமும் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். டாக்டரம்மா கோபப்படவில்லை. "அதுக்குத்தானேம்மா இவ்வளவும் பண்றோம்" என்றார்.

வீட்டுக்கு வந்து மைனி கத்தரிக்காய் நறுக்க உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். ரொம்ப நேரம் அழுதேன். அவள் அழாதே என்று சொல்லவில்லை. நறுக்கினதைத் தண்ணீரில் போட்டுவிட்டு, ஈரக்கையோடு என் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை நனைந்துவிட்டது.

"அன்னைக்கு வாறேன்னு சொல்லிட்டு வந்தேல்லா, அதான்" என்றாள் பிறகு. "இந்தத் தடவை வாயை மூடிக்கிட்டு வா."

செப்டம்பர் 2, சனி

சைலு வந்திருக்கிறான். எங்கே கட்டி என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு என் செல்போனை எடுத்துச் சரிசெய்கிறேன் என்று உட்கார்ந்திருக்கிறான். மாடியிலிருந்து என் துணிமணியை எல்லாம் கீழே கொண்டுவந்து வைத்தான். நான் சொல்லவில்லை. அவன் அம்மாவும் சொல்லவில்லையாம்.

மாடியில் பூஜை அலமாரியைப் பூட்டிச் சாவியை மைனி இடுப்பில் செருகிக்கொண்டாள். வீட்டில் பால் பாக்கெட் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குச் சொல்வதில்லை.

செப்டம்பர் 4, திங்கள்

நாளைக்கு ஆபரேஷன். இன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள். ஜன்னல் பக்கத்துக் கட்டில். மூக்குத்தி இந்தத் தடவை சுலபமாக வந்துவிட்டது.

அதே சிஸ்டர். "வாங்க ஆச்சி. ஒரு ஆள்தான் கூட இருக்கலாம். யாரு இருக்கப் போறா?"

"நான் இருக்கேன்" என்றான் சைலு. லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறான், பாவம். மைனி கூடையைக் கையில் எடுத்தாள். 'சரி, நீ இரு' என்று மகனிடம் சொல்லக் கிளம்பிவிட்டாள் என்று அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. போகச் சொன்னால் போகிறவள்.

"எங்க மைனி இருப்பாங்க" என்றேன் சிஸ்டரிடம். வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் கூடையைக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். ஸ்டூலை என் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். ராத்திரிக்குத்தான் பட்டினி ஆரம்பம் என்பதால் ஆளுக்கு அரை டம்ளர் காப்பி குடித்தோம். அவளுக்குக் காப்பி நன்றாகவே பிடிக்கும், ஊதி ஊதிக் குடிக்கிறாள்.

மத்தியான வெயிலுக்கு ஃபேன் காற்று சுகமாக இருந்தது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் தூங்கிவிட்டாள். சுவரில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து. இத்தனை நாளாக வேளாவேளைக்கு எனக்குச் செய்து போட்டு, ராத்திரி நான் புரண்டு படுத்தால்கூட எழுந்து உட்கார்ந்தவள்.

சிஸ்டர் வந்தாள். "என்ன ஆச்சி, கூட இருக்க வந்தவங்க தூங்குதாங்க? கையெழுத்து வாங்கணும், எழுப்புங்க."

"செத்த நேரம் தூங்கட்டும்மா, எழுப்பாத" என்றேன். "நான் முழிச்சுத்தான் இருக்கேன்."